எம்ஜிபியின் ஓட்டைகள்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் துருவைத் தேடுவார்கள். என் கண் போல்ட் ஓட்டைகளுக்குத்தான் போகும். எதையோ மாட்டி, எப்போதோ கழற்றிய பிறகு தகட்டில் மிஞ்சும் சின்னச் சின்னத் துளைகள். அந்தக் கார் யாரிடம், எந்த ஊரில், எப்படி வாழ்ந்தது என்பதை ஆர்சி புத்தகத்தைவிட அவை நன்றாகவே சொல்லும்.

இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி இதற்கு நல்ல உதாரணம். திறந்த ரோட்ஸ்டரும் கூரையுள்ள ஜிடியும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ரோட்ஸ்டரின் டிக்கியில் இடம் கம்மி. அதனால் வாங்கியவர்கள் டிக்கி மூடியைத் துளைத்து லக்கேஜ் கேரியர் மாட்டினார்கள். முன்பக்க மட்கார்டில் கண்ணாடி, ரேடியோ ஏரியல். அன்றைக்கு அது கிளாசிக் இல்லை, வெறும் கார். டிரில்லை எடுக்க யாருக்கும் மனசு உறுத்தியிருக்காது.

சட்டம் போட்ட ஓட்டைகளும் உண்டு. 1966இல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக, 1960களின் இறுதியில் அங்கே போகும் கார்களின் முன், பின் மட்கார்டுகளில் பக்கவிளக்குகள் ஏறின. உள்ளூரில் விற்ற எம்ஜிபியில் அந்தத் துளைகளே கிடையாது. பம்பர் விதிகளும் வந்தன. 1974 இறுதியில் குரோம் பம்பர் போய், கனமான கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. காரின் உயரமும் கூட்டப்பட்டது.

இந்த ஓட்டைகளை அடைப்பது எப்படி? சுலபமான வழி பட்டி பூசித் தேய்த்து பெயின்ட் அடிப்பது. ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்புறத்திலிருந்து ஈரம் ஏற, ஓட்டையின் விளிம்பு துருப்பிடிக்கும். கொஞ்ச நாளில் பெயின்ட் கொப்பளித்து, உள்ளே இருந்தது உதிர்ந்துவிடும்.

சரியான வழிக்குப் பொறுமை வேண்டும். இரண்டு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டைக் கொண்டுவர வேண்டும். அதே கனமுள்ள தகட்டில் ஓட்டைக்குப் பொருந்தும் வட்டம் வெட்டி, பின்னால் செம்புத் துண்டை அழுத்திப் பிடித்து, பொட்டுப் பொட்டாக வெல்ட் வைக்க வேண்டும். உருகிய இரும்பு செம்பில் ஒட்டாது. செம்பு சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பொட்டுக்கும் நடுவே ஆறவிட வேண்டும். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அவசரப்பட்டால் முழுப் பரப்பும் நெளிந்துபோகும். ஆரம்ப கால எம்ஜிபியின் பானெட் அலுமினியம் என்பதால் அங்கே இன்னும் கஷ்டம். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே உருகி விழுந்துவிடும்.

வேலை முடிந்தால் ஓட்டை இருந்த இடமே தெரியாது. எனக்கு நெருடலாக இருப்பதும் அதுதான். அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் துருவாமல் பிழைத்த எம்ஜிபிகள் பல இங்கிலாந்துக்குத் திரும்பின. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றி, பக்கவிளக்கு ஓட்டைகளை அடைத்துவிட்டால் அது ஊரைவிட்டே போகாத கார் மாதிரி நிற்கும். ரப்பர் பம்பர் காரை வெட்டி குரோம் பம்பர் மாட்டினால், 1976ஆம் வருஷத்துக் கார் 1970 என்று நடிக்கும். 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்ஜிபியின் முழு பாடியையே பழைய அச்சுகளில் புதிதாக அடித்து விற்கத் தொடங்கியது. அதில் பழைய ஓட்டை ஒன்றுகூட இருக்காது. பழைய வாழ்க்கையும் இருக்காது.

அதற்காக எல்லாவற்றையும் அப்படியே விடச் சொல்லவில்லை. ஏரியல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அந்த மட்கார்டே போய்விடும். அடைத்துத்தான் ஆக வேண்டும். பக்கவிளக்குத் துளைகள் வேறு. ஒரு நாட்டின் சட்டம் இன்னொரு நாட்டுத் தொழிற்சாலையின் தகட்டில் எழுதியது அது. விளக்கோடு அப்படியே விடலாம் என்பது என் கட்சி. உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம், செய்கிற மாற்றங்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. குறைந்தபட்சம் அதையாவது செய்யலாம். அடைக்கும் முன் அளந்து, படம் எடுத்து, காரின் ஃபைலில் வைக்கலாம். வெளிப்பக்கத்தை வழவழப்பாக்கட்டும். உள்பக்க வெல்டைத் தேய்க்காமல், துரு தடுக்கும் பெயின்ட் மட்டும் அடித்துவிட்டால், அடுத்து வருகிறவர் விரலால் தடவித் தெரிந்துகொள்வார்.