வகுப்பறை காப்பாற்றிய கலம்காரி



உங்களில் பலர் வீட்டில் ஒரு கலம்காரிப் புடவையாவது இருக்கும். இந்தக் கலை ஒரு காலத்தில் அழியும் நிலைக்கு வந்தது உங்களுக்குத் தெரியுமா?

திருப்பதிக்கு அருகே காளஹஸ்தியில், முனை சீவிய மூங்கில் குச்சியில் துணி சுற்றி, சாயத்தில் தோய்த்து, இராமாயண, மகாபாரதக் காட்சிகளைத் துணியில் வரைவார்கள். அவை கோவில்களில் திரைச்சீலைகளாகத் தொங்கின. மில் துணி பெருகியது, ஆதரவு குறைந்தது. வேலை தெரிந்தவர்கள் அருகிப் போனார்கள்.

அப்போது அகில இந்தியக் கைவினை வாரியத்துக்குத் தலைமை வகித்தவர் கமலாதேவி சட்டோபாத்யாய. அவருடைய முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் காளஹஸ்தியில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. ஜொன்னலகட்டா லட்சுமய்யா என்ற மூத்த கலைஞர் ஆசிரியரானார். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் ஊறவைப்பது, இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டுக் கறுப்பு எடுப்பது, படிகாரம் தடவிச் சிவப்பு ஏற்றுவது என்று குடும்பத்துக்குள் இருந்த வித்தை வகுப்பறைக்கு வந்தது. அவர் மகன் குரப்ப செட்டியும் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். 2008இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: லாக்கரில் வைத்த பணத்துக்கு வட்டி வராது. வித்தையும் அப்படித்தான்.

நம் சமூகக் கூடம் பல நாள் பூட்டியே கிடக்கிறது. ஒரு கைவினைஞரை அழைத்து, பேரம் பேசாமல் உரிய சன்மானம் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிப் பட்டறை நடத்தலாமே! விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். முதல் பெயர் என்னுடையது.