தமிழ்ப்பள்ளிகளில் கணினிக் கல்வி: பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை

கோலாலம்பூர் – தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை ஆறாம் ஆண்டை முடிப்பதற்குள் கணினிக்குக் கட்டளை எழுதக் கற்றிருக்க வேண்டும். பாடத்திட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால், இந்தப் பாடம் எங்கே இருக்கிறது, எப்போது தொடங்குகிறது, வீட்டில் என்ன செய்யலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. அவர்களுக்காகவே இந்த விளக்கம்.

எந்தப் பாடத்தில் இருக்கிறது?

2017-இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய திருத்தப்பட்ட தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம், 2020-இல் நான்காம் ஆண்டை எட்டியது. நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரை 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடம் உண்டு. தையல், தோட்டக்கலை, கைவினை ஆகியவற்றோடு கணினிக்குக் கட்டளை எழுதுவதும் அந்தப் பாடத்திற்குள் வருகிறது. ஒரு சிக்கலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துத் தீர்க்கும் கணினிச் சிந்தனை, மற்றப் பாடங்களிலும் கலந்து கற்பிக்கப்பட வேண்டும் என்பதும் 2017 முதல் உள்ள ஏற்பாடு.

பிள்ளைகள் பெரும்பாலும் பயன்படுத்துவது ஸ்கிராட்ச் என்னும் இலவச மென்பொருள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்டது. வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், திரையில் உள்ள பூனை நடக்கும், பேசும், திரும்பும். படிகளின் வரிசை தவறினால் பூனையும் தவறாக நடக்கும். எந்தப் படியில் பிழை என்று தேடித் திருத்துவதுதான் உண்மையான பாடம்.

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. அதற்கு முன்பும் இப்பாடம் அத்தேர்வில் இடம்பெற்றதில்லை. தேர்வில் கேட்கப்படாத பாடம் என்பதால், கணிதத்துக்கும் மொழிக்கும் நேரம் போதாதபோது முதலில் விட்டுக்கொடுக்கப்படும் ஆபத்து இதற்கு உண்டு.

இடைநிலைப்பள்ளியில் என்ன காத்திருக்கிறது?

முதலாம் படிவத்தில் 'அசாஸ் சைன்ஸ் கொம்புத்தெர்' என்ற பாடம் 2017 முதல் உள்ளது. பள்ளியின் வசதியைப் பொறுத்து, மாணவர்கள் இதையோ வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தையோ பயில்கிறார்கள். 'அல்கொரித்மா', 'கார்த்தா ஆலிர்', இரும எண்கள் எல்லாம் அங்கே மலாயில் வரும். தொடக்கப்பள்ளியில் இந்தக் கருத்துகளைத் தமிழில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அங்கே புதிதாக இருப்பது சொல் மட்டுமே. கருத்தும் புதிது, சொல்லும் புதிது என்றால் சுமை இரட்டிப்பாகிறது.

சாதன இடைவெளி

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, கல்வி அமைச்சு பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஏறக்குறைய 9 இலட்சம் மாணவர்கள் பற்றிய அந்த ஆய்வில், 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை என்று தெரிந்தது. கைத்தொலைபேசி வைத்திருந்தவர்கள் 46 விழுக்காடு. மடிக்கணினி 9 விழுக்காட்டினரிடமும், மேசைக் கணினி 6 விழுக்காட்டினரிடமும் மட்டுமே இருந்தன. கைத்தொலைபேசியில் காணொளி பார்க்கலாம். ஸ்கிராட்ச் கட்டங்களை அடுக்க அதன் சின்னத் திரை போதாது.

2021-இல் தொடங்கிய செர்டிக் திட்டம், பி40 குடும்பங்களைச் சேர்ந்த 1,50,000 மாணவர்களுக்குச் சாதனங்கள் வழங்க இலக்கு கொண்டது. அதற்கு முன், 10,000 பள்ளிகளை இணையத்தில் இணைக்கத் திட்டமிட்ட 1பெஸ்தாரிநெட் 2019-இல் முடிவுக்கு வந்தது. இன்று கல்வி அமைச்சின் கற்றல் தளமாக இருப்பது 2020-இல் அறிமுகமான டெலிமா.

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியும் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியும் நகரின் நடுவே இருப்பவை. இன்னொரு பக்கம், தோட்டப் பெயரைத் தாங்கிய பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை 150-ஐத் தாண்டுவதில்லை. பள்ளி நிலம் அரசாங்கத்திற்குச் சொந்தமாக இல்லாத இடங்களில், கணினிக்கூடம் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் பெரும்பாலும் பள்ளி வாரியத்தின், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தோளில் விழுகிறது.

கணினி இல்லாமலும் தொடங்கலாம்

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்திலிருந்து வளர்ந்த 'அன்பிளக்ட்' முறை, கணினியைத் தொடாமலே கணினி அறிவியலைக் கற்றுத்தருகிறது. அதில் புகழ்பெற்ற பயிற்சி ஒன்று: ஐந்து அட்டைகளில் முறையே 16, 8, 4, 2, 1 புள்ளிகள் வரைந்து, ஐந்து பிள்ளைகளின் கையில் கொடுங்கள். அட்டையைத் திறந்து காட்டினால் 1, மறைத்தால் 0. பதினொன்று வேண்டுமா? 8, 2, 1 அட்டைகள் திறக்கும். 01011 என்று எழுதலாம். இந்த ஐந்து அட்டைகளால் 0 முதல் 31 வரை எல்லா எண்களையும் காட்டிவிடலாம். கணினி எண்களைச் சேமிப்பதும் இப்படித்தான்.

வாசலில் கோலம் போடும் வீட்டில் இன்னொரு பயிற்சி செய்யலாம். புள்ளிக் கோலத்தைப் பிள்ளை பார்க்காமல், நீங்கள் வாயால் மட்டும் வழி சொல்லுங்கள்: வலப்பக்கம் ஒரு புள்ளி, கீழே இரண்டு புள்ளி. கோலம் பிசகினால் எந்தக் கட்டளை தெளிவாக இல்லை என்று இருவரும் தேடுங்கள். கட்டளை எழுதும் பாடத்தின் முதல் படி இதுதான்.

தமிழில் தட்டச்சு

கணினித் தமிழில் மலேசியாவுக்கு முக்கிய இடம் உண்டு. முரசு அஞ்சல், செல்லினம் ஆகியவற்றை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியத் தமிழர். உலகத் தமிழ் இணைய மாநாடு 2001-இலும் 2013-இலும் கோலாலம்பூரில் நடந்தது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் 'எழில்' மொழியை முத்து அண்ணாமலை பிள்ளைகளின் தொடக்கக் கணினிக் கல்விக்காக உருவாக்கினார்.

பிள்ளைக்கு 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கலாம். அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை விரல்களே கற்றுக்கொள்ளும் என்பதால் இலக்கணப் பாடத்துக்கும் இது உதவும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

* பிள்ளையின் டெலிமா அடையாளக் கணக்கையும் கடவுச்சொல்லையும் வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். அந்தக் கணக்கின் மூலம் கூகுள், மைக்ரோசாஃப்ட் கல்விச் செயலிகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

* கடவுச்சொல்லை நண்பரிடமும் சொல்லக்கூடாது, வீட்டு முகவரியையும் படத்தையும் இணையத்தில் பகிரக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

* வீட்டில் கணினி இல்லையென்றால், முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட நாடி மையம் அருகில் உள்ளதா என விசாரியுங்கள். அங்கே கணினியும் இணைய வசதியும் பயிற்சிகளும் உண்டு.

* பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கணினிக்கூடத்தில் இயங்கும் கணினிகள் எத்தனை? நான்காம் ஆண்டு மாணவர் வாரத்திற்கு எத்தனை முறை அங்கே போகிறார்? பழுதானால் யார் பொறுப்பு? பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அதிலிருந்தே தொடங்கலாம்.