பங்காளிகளின் பொதுக்கிணறு

பெரம்பலூரும் அரியலூரும் கூடிப் பிரிந்த பங்காளிகள். 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் பிரிந்த அரியலூர் 2002-இல் மீண்டும் சேர்ந்து, 2007-இல் தனிக்குடித்தனம் போயிற்று. மாவட்டத்தைப் பிரிக்க ஓர் அரசாணை போதும். ஒரே கூரையின்கீழ் வாழும் இரு குடும்பங்களைப் பிரிப்பது அத்தனை எளிதன்று.

இப்பகுதியின் பழைய ஓட்டு வீடுகளை நினைவு கூர்வோம்: திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், கொல்லைக் கிணறு. பாகப்பிரிவினையில் அறைகள் ஆளுக்கொன்றாகப் போகும். நடையும் முற்றமும் கிணறும் 'பொது' என்று பத்திரத்தில் நிற்கும். நேற்றுவரை அண்ணன் தம்பியர், இன்றுமுதல் அண்டை வீட்டார். வழக்கு அந்தப் 'பொது' என்னும் சொல்லிலேயே தொடங்குகிறது. பங்குக்குரியவனைக் குறிக்கும் 'பங்காளி' என்ற சொல் பேச்சுவழக்கில் பகையாளிக்கு அருகே போய் நிற்பது தற்செயலன்று.

முன்னோர் இச்சிக்கலை அறியாதவரல்லர். கூட்டுக்குடும்பச் சொத்துரிமைக்கு ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் அடிப்படையாகக் கொண்ட நூல் விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம். மேலைச் சாளுக்கிய வேந்தன் ஆறாம் விக்கிரமாதித்தன் (1076–1126) காலத்தில் கல்யாணியில் எழுந்தது அது. அவனுடைய பகைவன் முதற் குலோத்துங்கன் அக்காலத்தில் ஆட்சி செய்ததோ, இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து! பகைநாட்டு நூலே பின்னாளில் நம் வீட்டு முற்றங்களுக்கு நீதி சொல்லிற்று. கிணற்றை விலைமதித்துப் பங்கிடாமல் முறைவைத்துப் பயன்கொள்ள வேண்டும் என்பதும், வீட்டிற்குப் போய்வரும் வழி பங்கிடற்குரியதன்று என்பதும் அதன் தீர்ப்பு.

பிரிவினைக்கு முன்பே ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்றுவிட்டால்? 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, வாங்கியவர் அவ்வீட்டில் கூட்டாகக் குடியிருக்க உரிமை கோர இயலாது. அவர் பிரிவினை கேட்டு வழக்கிட்டால், குடும்பத்துப் பங்குதாரர் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அப்பங்கைத் தாமே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழிசெய்தது.

அயலாரிடமிருந்து வீட்டைக் காத்த சட்டம், மகளையும் ஏறத்தாழ அயலாராகவே நடத்தியது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, குடும்பத்தார் முழுவதும் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் தம் பங்கைப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பிரிவினை கேட்க முடியாது. அதுவரை மணமாகாதிருந்த மகளிரைத் தமிழ்நாடு 1989-இல் கூட்டுரிமையாளராக்கிய பின்னும் அத்தடை நீடித்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தமே அதை நீக்கிற்று.

முற்றத்தின் நடுவே சுவர் எழுந்த வீடுகளை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். இருபுறமும் வெளிச்சம் குறைந்திருந்தது. யாருக்கு எவ்வளவு என்பதை நீதிமன்றம் சொல்லிவிடும். கிணற்றில் யார் எப்போது இறைப்பது, ஓடு உடைந்தால் யார் மாற்றுவது என்பதையெல்லாம், மனம் ஒத்திருக்கும் நாளிலேயே பத்திரத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் பங்காளிகள்தாம். 'பொது' என்ற ஒற்றைச் சொல் அதற்குப் போதாது.