நல்லொலி நாடிய ஓர் ஆசிரியர்



உயர்தர ஒலிக்கருவிகளை வீட்டில் அமைத்து இசை கேட்பது என் நெடுநாள் பொழுதுபோக்கு என்பதை என்னுடன் பணியாற்றுவோர் அறிவர். "இது பணக்காரர் விளையாட்டாயிற்றே!" என்று சிலர் வியப்பதுண்டு. ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் இணைப்புக் கம்பிகள் விற்பனைக்கு வந்துவிட்ட காலத்தில் அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும், இப்பொழுதுபோக்கின் வரலாற்றைப் படித்தால், இதனை வளர்த்தவர்களிடம் பணத்தைவிடக் கைத்திறனும் கூரிய செவியுமே மிகுந்திருந்தன என்பது புலனாகும். அவர்களுள் ஒருவர் நம்மைப்போல் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவர். அவர் பெயர் எட்கர் வில்ச்சர்.

1917இல் நியூயார்க்கில் பிறந்த வில்ச்சர், கல்லூரியில் பயின்றது கலை வரலாறு. மின்னணுவியலை இரண்டாம் உலகப் போரின்போது படைப்பணியில் இருந்தபடி கற்றுக்கொண்டார். போருக்குப் பின் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை நடத்தினார். பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் பாடத்தை இரவு வகுப்பாக நடத்தலானார்.

1948இல் எல்.பி. இசைத்தட்டு வெளிவந்த பின், தட்டில் பதிந்திருந்த இசை மேம்பட்டது; அதனை முழுமையாக ஒலிக்கச் செய்யும் ஒலிபெருக்கிதான் பின்தங்கி நின்றது. மிருதங்கத்தின் தொப்பி போன்ற தாழ்ந்த ஒலி தெளிவாகக் கேட்க வேண்டுமாயின், அலமாரி அளவுப் பெட்டி வேண்டியிருந்தது. (பெட்டிகளின் அளவு பற்றி என் இல்லத்தரசியும் சில கருத்துகள் வைத்துள்ளார்; அவற்றை இங்கு எழுதப்போவதில்லை.)

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது அதனை மீண்டும் நடுநிலைக்கு இழுக்க ஒரு விசை தேவை. அந்நாளில் கூம்பின் விறைப்பான விளிம்பே அந்த வேலையைச் செய்தது. அது சீராக இழுக்காததால் ஒலி திரிந்தது. வில்ச்சர் விளிம்பைத் தளர்த்திவிட்டார். மனைவியின் உதவியோடு மெத்தை உறைத் துணியால் விளிம்பு அமைத்து, கூம்பைக் காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் பொருத்தினார். பெட்டிக்குள் அடைபட்ட காற்றே சுருள்வில்லாக இயங்கியது. மாணவர்களுக்கு இதனை விளக்க வேண்டுமா? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக் கைப்பிடியை அழுத்தச் சொல்லுங்கள். காற்று திருப்பித் தள்ளுவதை அவர்களே உணர்வர்.

இதனைத் தயாரிக்க முன்வந்தவர் அவரிடம் பயின்ற மாணவர் ஹென்றி குளோஸ். 1954இல் இருவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினர். 1958இல் வெளிவந்த ஏ.ஆர்.-3 ஒலிபெருக்கியை வைத்து நடத்திய நிகழ்ச்சிகள் புகழ்பெற்றவை. ஃபைன் ஆர்ட்ஸ் நால்வர் குழு மேடையில் வாசிக்கும். இடையில் கலைஞர்கள் வில்லை அசைப்பதுபோல் நடிக்க, பதிவுசெய்த இசை ஒலிபெருக்கியில் தொடரும். மாறிய கணத்தை அவையோரால் கண்டறிய இயலவில்லை. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் தொடருந்து நிலையத்தில் இந்நிறுவனம் ஓர் இசை அறையும் நடத்தியது. அங்கு விற்பனை கிடையாது. வந்தோர் அமர்ந்து கேட்கலாம், போகலாம். இன்றைய கடைக்காரர்கள் அறிய வேண்டிய செய்தி இது!

அவரது காப்புரிமையை ஒரு போட்டி நிறுவனம் எதிர்த்தபோது, நீதிமன்றம் அது செல்லாது என்றது. வில்ச்சர் மேல்முறையீடு செய்யவில்லை. அவருடைய முறையை எல்லாரும் பின்பற்றலாயினர்.

1967இல் நிறுவனத்தை விற்றபின், அவர் செவித்திறன் குறைந்தோர் பக்கம் திரும்பினார். நாம் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. அத்தகையோரில் பலருக்கு மெல்லிய ஒலிகள் கேட்பதில்லை. உரத்த ஒலிகளோ நமக்குப் போலவே உரத்துக் கேட்கும். உயிரொலிகள் வலுவானவை, மெய்யொலிகள் பல மெலிந்தவை. ஆகவே "பல்" என்றாலும் "கல்" என்றாலும் அக்குழந்தைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். நாம் கத்தினால் உயிரொலிதான் மேலும் வலுத்துக் காதை வருத்தும். வில்ச்சர் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மெல்லியதை மிகுதியாகவும் உரத்ததைக் குறைவாகவும் பெருக்கும் முறையை உருவாக்கி, 1973இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இதற்கு அவர் காப்புரிமை கோரவே இல்லை.

2011இல், தம் 94ஆம் வயதில் அவர் மறைந்தார். இன்று செவிக்கருவி அணிந்து நம் வகுப்பில் அமரும் மாணவனின் காதில் அந்த முறையே இயங்குகிறது. அவனுக்குச் சொல்வதெழுதுதல் நடத்தும்போது குரலை உயர்த்த வேண்டாம். அவன் முகம் பார்த்து, மெய்யொலிகளைத் தெளிவாக உச்சரித்தால் போதும்.