மொக்கன் என்று ஒரு பிள்ளையும் இல்லை



அறுகம்பேக் கரையில் பருவகாலத்தில் நிற்பவர்கள் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். பத்தாம் வகுப்போடு பாடசாலையை விட்ட ஒரு பையன், வெளிநாட்டார் ஒருவருக்குப் பலகையில் ஏறி அலைமீது சறுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பான். காற்றின் திசை, அலையின் எழுச்சி, நீரோட்டம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வகுப்பில் ஐந்து வருடம் வராத ஆங்கிலம் இரண்டு பருவத்தில் நாவில் வந்திருக்கும். ஆனால் அவனைப் பற்றி ஊரில் கேட்டால், “அவன் மொக்கன், படிப்பு ஏறல்ல” என்பார்கள். ஆசிரியனாக இக்கரையோரத்தில் இருந்த ஆண்டுகளில் இந்தத் தீர்ப்பை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது சரியான தீர்ப்புத்தானா என்பதை வரலாற்றைக் கொண்டு சற்று நோக்குவோம்.

வகுப்பறையை வெறுத்த பிள்ளைகளின் பட்டியலில் மகாகவி தாகூரும் ஒருவர். பல பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டும் அவர் எதிலும் நிலைக்கவில்லை. அந்தக் கசப்பிலிருந்துதான் 1901இல் சாந்திநிகேதனில் மரநிழலில் ஒரு பள்ளி பிறந்தது. 1934இல் இலங்கை வந்தபோது ஹொரணையில் ஸ்ரீபாலி நிறுவனத்துக்கு அவரே அடிக்கல் நாட்டினார். பாட்டும் ஆட்டமும் ஓவியமும் கல்விக்கு வெளியே நிற்பவையல்ல என்ற எண்ணம் அவ்வாறு நம் நாட்டிலும் ஊன்றப்பட்டது.

நம் கரையோரத்துக்கும் இதில் பங்குண்டு. கல்முனைக்கு அருகே காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. அவரே நாடகம் பற்றி மதங்க சூளாமணியையும், பழந்தமிழ் இசைக்கருவிகளை ஆராய்ந்து யாழ் நூலையும் எழுதினார். கணக்கும் இசையும் ஒரே மனத்தில் குடியிருக்கும் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆயினும் பிள்ளைகள் பாடசாலையிலிருந்து மனம் விலகுவதற்குப் பாடப் புத்தகம் மட்டும் காரணமன்று. 1990ஆம் ஆண்டைக் கிழக்கு மாகாணம் மறக்க இயலாது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும், வீரமுனையிலும் சத்துருக்கொண்டானிலும் அவ்வாண்டு ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் படுகொலைகள் நடந்தன. ஒரே சந்தையில் கொடுத்து வாங்கிய தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போக அஞ்சினர். தகப்பனை இழந்த பிள்ளை, இரவில் உறக்கமில்லாத பிள்ளை, காலையில் வகுப்பில் வந்து அமர்ந்தது. வாய்பாடு கேட்டால் அது எப்படிச் சொல்லும்? மௌனத்தை மந்தம் என்று நாம் பிழையாக வாசித்தோம்.

இந்தப் பின்னணியில்தான் 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தோன்றியது. கனடாவின் ரொறன்ரோ நகரில் உடற்குறையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு கலைத்தோட்டத்தை உருவாக்கிய ஓவியர் போல் ஹோகனும், உளவளத்துணையில் ஈடுபட்டிருந்த இயேசுசபைத் துறவி அருட்தந்தை போல் சற்குணநாயகமும் அதற்கு முன்னின்றவர்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் அழைத்துவரப்பட்டனர். அங்கே களிமண் இருந்தது, வர்ணம் இருந்தது, கதையும் நாடகமும் செடிகொடிகளும் பிராணிகளும் இருந்தன. பரீட்சை இல்லை, இடம் போடுவதில்லை. “உனக்கு என்ன நடந்தது?” என்று எவரும் துருவிக் கேட்கவுமில்லை. பிள்ளை சொல்ல விரும்பினால் மண்ணில் சொல்லலாம், வர்ணத்தில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப்படுவது இன்னொன்று. பிள்ளைகளோடு கூட இருந்து வழிநடத்தியவர்கள் அவ்வூர்களின் இளைஞர் யுவதிகளே. அவர்களும் போரின் நடுவே வளர்ந்தவர்கள்தாம். காயப்பட்ட இளைஞன் காயப்பட்ட பிள்ளைக்குத் துணையானான். ஒரு வேலையை ஒப்படைத்து, “இது உன் பொறுப்பு” என்று சொன்னால் இளமை எப்படித் தலை நிமிரும் என்பதற்கு இது நல்ல பாடம்.

பூங்கா பாடசாலைக்கு மாற்றாக எழுந்ததல்ல. அது எட்டிய பிள்ளைகளின் தொகையும் சிறிதே. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஒரு பூங்கா கேட்டு நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அதன் வழிமுறையைப் பாடசாலைக்குள் கொண்டுவரலாம். நம்மிடம் வளமா இல்லை? வயலிலும் வீட்டிலும் நம் தாய்மார் பாடிய கவிகள் இருக்கின்றன. றபான் உண்டு, களிகம்பு உண்டு, சிலம்படி உண்டு. தன் மூத்தம்மாவிடம் பத்துக் கவிகளைக் கேட்டு எழுதிவரும் பிள்ளை, எழுத்தையும் கற்கிறது. தன் வீட்டிலும் அறிவு இருக்கிறது என்பதையும் கற்கிறது. தமிழ்ப் பிள்ளை தன் ஊர்க் கூத்துப் பாடலைக் கொண்டுவர, முஸ்லிம் பிள்ளை கவியைக் கொண்டுவர, இரண்டையும் ஒரே மேடையில் வைத்தால் எத்தனை அழகு!

ஆனால் ஓர் எச்சரிக்கை. சித்திரமும் சங்கீதமும் நாடகமும் நம் பாடவிதானத்தில் ஏற்கெனவே உண்டு. அவற்றையும் குறிப்பெடுத்து மனனம் செய்து புள்ளி வாங்கும் பாடங்களாக்கிவிட்டால், கலையின் பெயரால் இன்னொரு வகுப்பறைதான் மிஞ்சும். பிள்ளை தானே தொடங்கி, தானே முடித்து, ஊரார் முன் வைக்கும் ஒரு வேலை வேண்டும். அப்போதுதான் தன்னால் முடியும் என்ற எண்ணம் அதன் மனத்தில் வேரூன்றும். புத்தகத்தைத் திறக்கும் துணிவும் அதிலிருந்தே வரும்.

1945இல் வந்த இலவசக் கல்வி, ஏழைப் பிள்ளைக்கும் பாடசாலைப் படலையைத் திறந்துவிட்டது. திறந்த படலை உள்ளே வரவும் வழி, வெளியே போகவும் வழி. வெளியே போகிறவனைப் பார்த்து “மொக்கன்” என்று சொல்வது எளிது. அவன் கைக்கு என்ன தெரியும் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதே ஆசிரியத் தொழில்.