ஸ்பெஷல் நாடகத்தின் தோற்றம்: மதுரை வட்டார இசை நாடகம் பற்றிய ஒரு விவாதம்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியிலும் அதையொட்டிய சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகத்துக்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். இதற்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வார்கள். ஹார்மோனியக்காரர், மிருதங்கக்காரர், பபூன், டான்ஸ்காரி என ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டவர்கள். சிலர் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பதே அன்றிரவு ஒப்பனைக் கொட்டகையில்தான். ஆனாலும் இரவு 10 மணி வாக்கில் தொடங்கும் ‘வள்ளி திருமணம்’ கோழி கூவும்வரை தடங்கலில்லாமல் நடந்தேறிவிடும். இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதில் நாடக வரலாற்றாசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

இதைத் தமிழ்க் கூத்து மரபின் நேர் வாரிசாகக் கொள்வது ஒரு தரப்பு. அதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. மதுரை நாயக்கர் காலத்தில் குறமும் குறவஞ்சியும் செழித்தன. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மை குறம் பாடினார். அடுத்த நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி வந்தது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகம், 1861இல் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் ஆகியவை கதையைக் கீர்த்தனையாகவே நடத்திச் செல்லும் வழக்கத்தை ஊரூராகப் பரப்பின. பாட்டிலேயே கதை நகர்வதும் இரவு முழுக்க நீள்வதும் பார்வையாளருக்குக் கதை முன்பே தெரிந்திருப்பதும் அந்த மரபின் கொடைகளே. ஆனால் தெருக்கூத்திலிருந்து இது நேராகக் கிளைத்தது என்ற வாதம் வலுவற்றது. பாரதக் கதையை நடுவாகக் கொண்ட தெருக்கூத்து வேரூன்றியது வடமாவட்டங்களில். ஸ்பெஷல் நாடகம் தழைத்தது தெற்கே.

பார்சி நாடகமே மூலம் என்பது அடுத்த தரப்பு. 1850களில் பம்பாயில் எழுந்த பார்சி நாடகக் கம்பெனிகளும் மராத்தி நாடகக் குழுக்களும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாட்டுக்கு வந்து ஆடின. கட்டணக் கொட்டகை, தெருவும் காடும் அரண்மனையும் தீட்டிய படுதாக்கள், வெல்வெட் உடைகள் எல்லாம் அவற்றின் வழியே வந்தவை. இசையில் இதன் தடம் இன்னும் தெளிவு. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ராகம், தாளத்தோடு எந்த மெட்டில் பாடுவது என்ற குறிப்பும் இருக்கும். பார்சி மெட்டும் இந்துஸ்தானி மெட்டும் அவற்றில் தாராளமாகப் புழங்கின. எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி ஹார்மோனியம். 1840களில் பாரிஸில் உருவான கருவி அது. இந்தியாவில் பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். ஸ்பெஷல் நாடகத்தில் சுருதி கொடுப்பதும், நடிகர் மூச்சு வாங்கும் இடத்தில் பின்பாட்டுப் பாடுவதும், அடியெடுத்துக் கொடுத்துத் தடுமாறுபவரைத் தாங்கிப் பிடிப்பதும் ஹார்மோனியக்காரர் வேலை. அவர் இல்லாமல் அந்த இரவு நகராது. ஆகவே இன்றைய ஓசை வடிவத்தை அந்தக் காலத்துக்கு முன்னால் கொண்டுபோக வழியில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கிவைத்தபோதும் நாடக மேடை அதைக் கைவிடவில்லை.

நடிகர்களைக் கேட்டால் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் இடமே இல்லை. அவர்களுக்கு மூலவர் ஒருவர்தான்: சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். தாள நுட்பம் கைவந்தது புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் தொடர்பால். சுமார் 40 நாடகங்கள் எழுதியதாகச் சொல்லப்படும் அவர், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவராக அதில் சேர்ந்த டி.கே. சண்முகம், ‘அபிமன்யு சுந்தரி’ ஒரே இரவில் எழுதி முடிக்கப்பட்டதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று இன்றும் ஆடப்படுபவை பெரும்பாலும் சுவாமிகளின் பிரதிகளை அடியொற்றியவையே.

ஆனால் சுவாமிகள் நடத்தியது கண்டிப்பான கம்பெனி. அங்கே பையன்கள் சபையிலேயே தங்கி, பாடம் கேட்டு, பாட்டை உருப்போட்டு, அடியும் வாங்கித் தேறினார்கள். பெரிய நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்காததே அவரைச் சிறுவர் சபையின் பக்கம் திருப்பியது என்பது நாடக உலகில் வழங்கும் செய்தி. யாருக்கும் கட்டுப்படாத தனி நடிகர்களின் ஏற்பாடான ஸ்பெஷல் நாடகத்தை, அதற்கு மாற்றாகச் சபை நடத்தியவரின் கண்டுபிடிப்பாகச் சொல்வது பொருந்தவில்லை.

விவாதம் தீராமல் இருப்பதற்கு முக்கியக் காரணம், பிரதி, இசை, ஆள் அமர்த்தும் முறை ஆகிய மூன்றின் தோற்றத்தையும் ஒன்றாக்கிப் பேசுவதே. பிரதிக்கு ஆசிரியர் உண்டு. இசை பல திசைகளிலிருந்து வந்து கலந்தது. ஆள் அமர்த்தும் முறைக்கோ தந்தை என்று யாருமில்லை. அது சந்தையில் விளைந்தது. பெயர் பெற்ற நடிகர்களைக் கம்பெனியிலிருந்து தனியே வரவழைத்து, கூடுதல் சம்பளம் கொடுத்து ‘ஸ்பெஷலாக’ ஆடவைத்தால் டிக்கெட் விற்றது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920களின் பிற்பாதியில் கொழும்பில் சேர்ந்து நடித்தது இத்தகைய தேவையின் உச்சம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டும் குரல் ஒன்றே நடிகரின் விலையை நிர்ணயித்த காலம் அது.

ஒத்திகை இல்லாமல் இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதில்தான் சுவாமிகளின் உண்மையான பங்கு வெளிப்படுகிறது. எல்லோரும் ஒரே பிரதியைப் பாடம் செய்திருந்ததால், முன்பின் அறியாதவர்களும் மேடையில் இணைய முடிந்தது. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பாட்டின் எடுப்பு பிரதியில் உள்ளது, இருவருக்கும் தெரியும். அதற்குப் பின் நாரதர் தொடுக்கும் கேள்வி எதிலும் எழுதப்பட்டதல்ல. வள்ளி அங்கேயே விடை சொல்லி மடக்க வேண்டும். மணிக்கணக்கில் நீளும் இந்தப் பகுதிக்காகவே கூட்டம் தூங்காமல் உட்கார்ந்திருக்கும்.

இந்த நெகிழ்வை விடுதலை இயக்கம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் கட்டத்தில், வெள்ளைக் கொக்கை வெள்ளையனாக்கிப் பாடும் பாட்டை மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதினார். திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ் அதை ஊர்தோறும் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துச் சட்டம் எழுத்துப் பிரதியைத் தடுக்க வல்லதாக இருந்தது. ஆனால் பிரதிக்கு வெளியே மேடையில் முளைக்கும் பாட்டை முன்கூட்டியே தணிக்கை செய்வது எளிதாக இல்லை. விஸ்வநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்தபடியே உயிர் நீத்தார்.

சிதறிக் கிடந்த இந்த ஏற்பாட்டுக்கு நிலையான உருவம் கொடுத்தது மதுரை நடிகர் சங்கம். 1923இல் தொடங்கியதாகக் குறிக்கப்படும் அது, கம்பெனிகள் செய்த வேலையை வேறு வழியில் செய்தது. விழா நடத்தும் ஊரார் முன்பணத்துடன் மதுரைக்கு வந்து, ஏஜெண்டுகளைக் கண்டு, வேண்டிய நடிகருக்குத் தேதி குறித்துப் போகும் வழக்கம் நிலைபெற்றது. பேசும்படம் வந்து கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அவற்றின் சிறந்த குரல்கள் சினிமாவுக்குப் போயின. கலைப்பதற்குக் கம்பெனி என்று ஒன்று இல்லாத ஸ்பெஷல் நாடகம் மட்டும் திருவிழாக் காலத்தை நம்பி நீடித்தது.