சொல்லும் கல்லும்: விஜயதுர்க் கப்பல்துறை

மகாராட்டிர மாநிலத்தின் சிந்துதுர்க் மாவட்டத்தில், வாகோட்டன் கழி அரபிக்கடலுடன் கலக்குமிடத்தில் விஜயதுர்க் கோட்டை அமைந்துள்ளது. கோட்டையைக் காண வருவோர் பலர். அங்கிருந்து கழியின் வழியே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உள்ளே சென்று, மராட்டியக் கடற்படைக்கெனப் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட கப்பல்துறையைக் காண்போர் சிலரே. ஏறத்தாழ 109 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் உடைய இத்துறை வடக்கு நோக்கி அமைந்துள்ளது. போர்க்கலங்கள் இங்கே கட்டப்பட்டன, பழுதும் பார்க்கப்பட்டன.

இதன் இயக்கம் எளிமையானது. ஓதம் பெருகும்போது கலம் உள்ளே மிதந்து வரும். வற்றும்போது நீர் வடிந்து அதன் அடிப்பகுதி வெளிப்படும். ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டவும், உளுத்த பலகைகளை மாற்றவும், இடுக்குகளை அடைக்கவும் அப்போது இயலும். கலத்தைத் தூக்கும் பணியைக் கடலே செய்தது எனலாம்.

இத்துறைக்கு உரிய கடற்படையை ஆங்கிலேயர் ஆவணங்கள் பெரும்பாலும் 'கடற்கொள்ளையர்' என்னும் சொல்லாலேயே சுட்டுகின்றன. 1729இல் மறைந்த கான்ஹோஜி ஆங்கரேயோ மராட்டிய அரசில் 'சர்கேல்', அதாவது கடற்படைத் தலைவர், என்னும் பட்டம் பெற்றவர். வணிகக் கலங்களுக்குக் கட்டணம் பெற்று அவர் அளித்த அனுமதிச் சீட்டு 'தஸ்தக்' எனப்பட்டது. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டு முதலே இதே முறையில் 'கர்த்தாஸ்' வழங்கி வந்தனர். ஒரே செயல் ஓரிடத்தில் ஆட்சியுரிமை என்றும், மற்றோரிடத்தில் கொள்ளை என்றும் பெயர் பெற்றது.

கடற்படைச் சொற்கள் வேறொரு வரலாற்றைக் கூறுகின்றன. கடற்படையைக் குறிக்கும் 'ஆர்மார்' என்னும் மராத்திச் சொல் போர்த்துக்கீசிய 'அர்மாதா'விலிருந்து வந்தது. 'குராப்' என்னும் போர்க்கலத்தின் பெயர் அரபு மொழியில் காகத்தைக் குறிப்பது. அதுவே ஆங்கிலத்தில் 'கிராப்' எனத் திரிந்தது. பகைவரும் வணிகரும் ஒருவரிடமிருந்து ஒருவர் சொற்களைக் கற்றுக்கொண்டனர் என்பது இவற்றால் புலனாகின்றது.

1756 பிப்ரவரியில் வாட்சனும் கிளைவும் தாக்கியபோது துளாஜி ஆங்கரேயின் கலங்கள் எரிந்தழிந்தன. அத்தாக்குதலில் பேஷ்வா ஆங்கிலேயருடன் கூட்டுச் சேர்ந்திருந்தார் என்பதையும் மறைத்தல் தகாது. அவ்வாண்டிலேயே கோட்டை பேஷ்வாவின் வசமாயிற்று. 1783இல் பேஷ்வாவின் கடற்படைத் தலைவர் ஆனந்தராவ் துளப் ஆங்கிலேயரின் 'ரேஞ்சர்' கலத்தைக் கைப்பற்றினார். 1818இல் மராட்டிய ஆட்சி முடிவுற்றது, அதன் கடற்படையும் மறைந்தது, துறை பயனிழந்தது.

கொள்ளைக்கு விரைந்த படகும் மறைவிடமும் போதும். பாறையைக் குடைந்து நிலையான துறை அமைக்கத் தச்சரும், கல்வினைஞரும், ஆண்டுதோறும் மரமும், அவற்றுக்கெல்லாம் செலவிட வருவாயும் வேண்டும். இவை அரசுக்கே உரியவை. ஆவணச் சொல்லை மட்டும் கொண்டு கொங்கணக் கடல் வரலாற்றை எழுதுவோர், கேட்பாரற்றுக் கிடக்கும் இக்கல்லின் சான்றையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.